சுனைப் பாறையைத் தட்டிக் காட்டியது

செட்டிகுளம் தபால்
மாசி 22, 1943

பட்டாளத்தில் இருக்கும் என் மகன் அங்கமுத்துவுக்கு, நம் தெருச் சுனை போய்விட்டதப்பா, வெடி வைத்துப் பிளந்துவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் அத்தனை தண்ணீரும் வடிந்துவிட்டது! நீ சுகந்தானா? இங்கே உன் அம்மா காத்தாயி, பிரசவத்துக்கு வந்திருக்கும் உன் தங்கை செங்கமலம், நான் மூவரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

கல் அரைக்கிற எஞ்சின் ஒன்று வந்திருக்கிறது. குண்டுக்கல்லைப் போட்டால் ஒரு பக்கம் ஜல்லி, ஒரு பக்கம் மணல் மாதிரித் தூள். ஆற்று மணல் ஏற்றிவர லாரி இல்லையாம், அந்தத் தூளையே சிமிட்டியில் கலக்கிறார்கள். எல்லாம் ஏரோப்ளேன் இறங்கும் மைதானத்துக்காம். சண்டையில் இருக்கும் உனக்கும் அந்த மைதானம் உதவுமே என்று நினைத்தேன். கல் உடைக்கிற கண்டிராக்டர் கூப்பிட்டதும் சுத்தியலோடு போய்ப் பாறையைத் தட்டித் தட்டிக் கேட்டேன். கணீரென்றது. விரிசலே இல்லை, ஒரே வெடியில் பலகையாக வரும் என்று நான்தான் சொன்னேன். ஒன் காதுதான்யா பெரிய மிஷினு என்று எல்லார் முன்னாலும் அவர் சொன்னதில் மயங்கிவிட்டேன். மறுகோடியில் சுனை இருக்கிறது, அதுவரை வெடிப்பு ஓடாது என்று நினைத்தேன். ஓடிவிட்டது.

இப்போது உன் அம்மா மேலத்தெருக் கிணற்றுக்குப் போய்த் தள்ளி நிற்கிறாள். யாராவது மனம் வைத்து ஊற்றினால் அரைக்குடம். நேற்று ஒரு அம்மாள், ஒம் புருசனுக்குத்தான் பாறை பேசுமே, தண்ணி எங்கேன்னு அதுங்கிட்டயே கேக்கச் சொல்லுடி என்று சிரித்தாளாம்.

கிழக்கே சின்னச் சுனை ஒன்றுதான் மிச்சம். அந்தப் பாறையையும் தட்டிச் சொல்லுடா என்று கண்டிராக்டர் வந்தார். யுத்தத்தால் வெடிமருந்து அளந்துதான் வருகிறது, நிச்சயம் தெரியாத பாறையில் வைக்க மாட்டார்கள். வெடிச் சத்தத்தில் காது போச்சுங்க சாமி என்று சொல்லிவிட்டேன். நம்பாமல், என் முதுகுக்குப் பின்னால் தகர டப்பாவைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார். நான் திரும்பவில்லை.

காது கேட்கிறது என்று உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. கோபம் வந்தால் கிணற்றடியில் கத்திவிடுவாள். எனக்குக் கேட்காது என்று நினைத்து அடுப்படியில், தட்டிக் காட்டுன கையி வெந்து போவாதா என்கிறாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தில் படுக்காதே. செட்டிகுளத்து முருகன் உன்னை முழுசாகத் திருப்பி அனுப்பட்டும். இதைப் படித்ததும் கிழித்துவிடு. அங்கே இருக்கும் நம் பக்கத்து ஆட்களிடமெல்லாம் அப்பனுக்குக் காது போச்சு என்று சொல், அவர்களும் வீட்டுக்கு எழுதட்டும். உன் அம்மா பெயருக்கு உடனே ஒரு கார்டு போடு, தபால்காரர் தெருவில் நின்று உரக்கப் படிப்பார், கண்டிராக்டர் வரைக்கும் சேதி போகும். அப்பாவோடு சத்தம் போட்டுப் பேசுங்கள் என்று அதில் கட்டாயம் எழுது.

உன் அப்பன்
மதுரைவீரன்