பரண் முழுதும் பஞ்சு இருப்பதாக நான் சொன்னது குறித்து

அனுப்புநர்
மெலெரி ஹவெல், வயது 14,
பத்தாம் ஆண்டு 'பி' பிரிவு,
கும்ரெதின் மேல்நிலைப் பள்ளி,
கும்ரெதின், தெற்கு வேல்ஸ்.
(பதிலைப் பள்ளி முகவரிக்கே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.)

பெறுநர்
அதிகாரி அவர்கள்,
தனியார் வாடகை வீடுகள் ஆய்வுப் பிரிவு,
மாவட்ட கவுன்சில் அலுவலகம், கும்ரெதின்.

பொருள்: இன்க்ளைன் தெரு 17ஆம் எண் வீட்டின் எரிசக்தித் திறன் சான்றிதழில் 'சி' தரம் தவறாகப் பதியப்பட்டமை, அதற்கு நானும் காரணமாக இருந்தமை, இம்மாதம் 20ஆம் தேதிக்கு முன் மறு ஆய்வு கோருதல் தொடர்பாக.

பார்வை: மேற்படி சான்றிதழ், நாள் 29.10.2024.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீருக்கு,

தங்கள் பெயரைப் பள்ளிக் கணினியில் தேடினேன். பதவி மட்டுமே கிடைத்தது. விளிப்பில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. மேற்படி வீட்டில் என் அம்மா பெதன் ஹவெல், நான்கு வயதுத் தம்பி ஓஷியன், நான் ஆகிய மூவரும் வாடகைக்குக் குடியிருக்கிறோம். உரிமையாளர் திரு. இத்வல் ப்ரோபர்ட். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கல் வீடு. வரிசையில் கடைசி வீடு என்பதால் மூன்று பக்கமும் காற்று அடிக்கும். அம்மா முதியோர் இல்லத்தில் காலை முறை வேலை பார்க்கிறார். இந்த மனுவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரும் ஓஷியனும் தூங்கிய பிறகு பாய்லர் அலமாரிக்குள் வெந்நீர்க் குழாய்களை ஒட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் கை விறைக்காத இடம் இது ஒன்றுதான். முழங்காலில் வைத்து எழுதுவதால் வரிகள் கோணலாக இருக்கலாம்.

2. வீடு சூட்டை எவ்வளவு காக்கிறது என்பதற்கு 'ஏ'யிலிருந்து 'ஜி' வரை தரப்படும் தரத்தில், பழைய சான்றிதழின்படி எங்கள் வீடு 'இ', மதிப்பெண் 39. வாடகைக்கு விட அனுமதி உள்ள கடைசிப் படி அது. ஒன்று குறைந்தாலும் 'எஃப்' ஆகிவிடும். அந்தச் சான்றிதழின் பத்தாண்டுக் காலம் சென்ற அக்டோபரில் முடிந்தது. புதிய மதிப்பீட்டுக்கு 29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை குறித்திருந்தார்கள். பள்ளிக்கு இடைவிடுமுறை, அம்மாவுக்கு வேலை. வீட்டில் ஓஷியனும் நானும்தான் இருந்தோம்.

3. முந்தின நாள் திரு. ப்ரோபர்ட் இரண்டு ஆட்களுடன் வேனில் வந்தார். சூடு வெளியேறாமல் தடுக்கும் மஞ்சள் கண்ணாடிப் பஞ்சில் மூன்று சுருளைக் கூரைக்கு அடியில் உள்ள பரணுக்கு ஏற்றினார்கள். மீதிச் சுருள்கள் பிறகு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பரண் மூடியைச் சுற்றி, மூடியைத் தூக்கித் தலையை நீட்டுகிறவருக்குக் கண்ணில் படும் அளவுக்கு மட்டும் பஞ்சை விரித்துவிட்டு இறங்கிவிட்டார்கள். முன்னறையில் கதவை ஒட்டிய சுவரில் மட்டும் உள்பக்கம் ஒரு பலகை அடித்து வெள்ளை பூசினார்கள். அந்தச் சுவரைத் தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். மற்றச் சுவர்களைத் தட்டினால் விரல்தான் வலிக்கும். எல்லா அறையிலும் பல்புகளைக் கழற்றி, மின்சாரம் குறைவாக இழுக்கும் பல்புகளை மாட்டினார்கள். அதற்கும் மதிப்பெண் உண்டாம். மதிப்பீடு முடிந்த அன்று மாலையே திரு. ப்ரோபர்ட் ஓர் அட்டைப் பெட்டியுடன் வந்து அந்தப் பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடுத்த தெருவில் உள்ள தம் இன்னொரு வீட்டுக்கு எடுத்துச் சென்றார். ஒவ்வோர் அறையும் இருட்டாகும்போது ஓஷியன் அவருக்குக் குட்நைட் சொன்னான். அன்று எனக்கும் சிரிப்பு வந்ததை மறைக்க விரும்பவில்லை.

4. திங்களன்று புறப்படும் முன் திரு. ப்ரோபர்ட் சமையலறையில் என்னிடம் சொன்னதை, நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்: "இங்க பாரு கண்ணு, நாளைக்கு வர்றவரு 'எஃப்'னு எழுதிட்டாருன்னா இந்த வீட்ல ஆளே குடியிருக்கக் கூடாது. நான் போகச் சொல்லல, சட்டம் சொல்லும். சின்னவனத் தூக்கிக்கிட்டு உங்கம்மா எங்க போவா? நீ வெவரமான பொண்ணு." அவர் அதட்டவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். கோப்பையைக் கழுவியும் வைத்தார்.

5. மறுநாள் வந்த மதிப்பீட்டாளர் திரு. எமிர் டக்கர் நல்லவர். அன்று அவருக்கு இன்னும் நான்கு வீடுகள் இருந்தன. உள்பக்கம் குளிர் காக்கும் பலகை உண்டா என்று முன்னறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில் நின்றதால் அந்தச் சுவரைத்தான் தட்டினார். மாடியில் ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். மூடியைத் தூக்கி, தலையை நீட்டி, பஞ்சின் கனத்தை அளந்து, ஒரு படம் எடுத்தார். பிறகு கீழே குனிந்து கேட்டார்: "முழுக்கப் போட்டிருக்காம்மா? இதுக்கு மேல ஏறச் சொன்னா என் முட்டி என்னைய விட்டுட்டுப் போயிரும்."

"ஆமா," என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "சுவரு வரைக்கும் இருக்கு," என்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

சான்றிதழில் தரம் 'சி', மதிப்பெண் 69 என்று வந்தது. கூரை என்ற இடத்தில் 'வெப்பக் காப்பு முழுமையாக உள்ளதாகக் கொள்ளப்படுகிறது' என்றும், சுவர் என்ற இடத்தில் 'உட்புறக் காப்பு உள்ளதாகக் கொள்ளப்படுகிறது' என்றும் எழுதியிருக்கிறது. 'கொள்ளப்படுகிறது' என்ற அந்தச் சொல்லுக்குள்தான் நாங்கள் குளிர்காலம் முழுதும் குடியிருந்தோம். இந்தச் சான்றிதழ் 2034 அக்டோபர் வரை செல்லும். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது ஆகியிருக்கும்.

6. நவம்பரில் சுவர்களில் ஈர ஓதம் ஏறத் தொடங்கியது. ஓஷியன் படுக்கும் அறையில் கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்தது. அம்மா ஞாயிறுதோறும் பூஞ்சையைத் துடைப்பார், வியாழக்கிழமைக்குள் மறுபடி வந்துவிடும். நவம்பர் 23ஆம் தேதி ஓஷியனுக்கு மூச்சு இழுத்து மருத்துவமனையில் சேர்த்தோம். ஜனவரி 9ஆம் தேதி மறுபடியும். குளிர் வீடுகளுக்கு இலவசமாகக் கூரைப் பஞ்சு போட்டுத் தரும் அரசுத் திட்டத்துக்கு அம்மா விண்ணப்பித்தார். எங்களுடையது 'சி' வீடு என்பதால் தகுதி இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இதே கவுன்சிலின் வேறொரு பிரிவுக்கும் தொலைபேசியில் பேசினார். 'சி' வீட்டில் ஓதம் வந்தால் பெரும்பாலும் குடியிருப்பவர்கள் வாழும் முறைதான் காரணம் என்று சொல்லி ஒரு துண்டறிக்கை அனுப்பினார்கள்.

அம்மா அந்த அறிக்கையை அப்படியே நம்பினார். பாத்திரத்துக்கு மூடி போட்டார். உறைபனியிலும் காலையில் ஜன்னலைத் திறந்து வைத்தார். ஈரத் துணியைப் பையில் கட்டி, மலைச்சரிவில் இறங்கி, சலவைக் கடைக்குத் தூக்கிச் சென்றார். எதிர்வீட்டு க்லெனிஸ் ஆன்ட்டி அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, "மூடி போட்டு வேக வைக்கணும், ஜன்னலத் தொறக்கணும், துணிய ஊர் தாண்டிப் போய்க் காயப்போடணும். மூச்சு விடலாமான்னு கேட்டியா பெதன்? அதுக்கும் நேரம் குறிச்சிருப்பாங்க," என்றார். அம்மா சிரித்தார். பிறகு ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தார்.

7. இப்போது இந்த மனுவுக்கான முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 1ஆம் தேதி ஓஷியனை மூன்றாம் முறை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உதடு நீலமாகிவிட்டது. அவனுக்கு மூச்சு சீரான பிறகு மருத்துவர் அம்மாவிடம் வீடு எப்படி, ஓதம் உண்டா என்று கேட்டார். அம்மா கைப்பேசியில் சான்றிதழை எடுத்துக் காட்டினார். "நல்ல வீடுதான் டாக்டர், 'சி' வாங்கின வீடு. எனக்குத்தான் சரியா வச்சுக்கத் தெரியல," என்றார்.

நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். வீட்டில் குறையில்லை என்றால் பிள்ளை ஏன் மாதத்துக்கொரு முறை வருகிறான் என்ற கேள்வி எழும் அல்லவா? குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து ஒருவர் பிப்ரவரி 20ஆம் தேதி வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து, அம்மா ஓஷியனை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று விசாரிக்கப் போகிறார். இதைத் தெரிவிக்கும் கடிதம் வந்த நாளிலிருந்து அம்மா சாப்பாட்டை என் தட்டிலும் அவன் தட்டிலும் மட்டும் வைக்கிறார். அலமாரியில் உள்ள துணிகளை இரண்டு முறை எடுத்து மடித்துவிட்டார். பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களா என்று தொலைபேசியில் க்லெனிஸ் ஆன்ட்டியிடம் அம்மா கேட்டது மாடியில் இருந்த என் காதில் விழுந்தது.

அம்மாவின் கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. அவன் படுத்தால் இழுக்கிறது என்று, உட்கார்ந்தபடியே தோளில் சாய்த்து வைத்துத் தூங்குகிறார். ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறார்.

8. என் சொல்லை மட்டும் நம்பச் சொல்வது சரியாகாது என்பதால், சென்ற சனிக்கிழமை அம்மா மருந்துக்கடைக்குப் போனபோது நானே பரணில் ஏறிப் பார்த்தேன். மரச்சட்டங்களின் மேல் தவழ்ந்து போனேன். மூடியிலிருந்து நாலாபக்கமும் என் பள்ளி அளவுகோலால் ஐந்து அளவு வரை, அதாவது ஒன்றரை மீட்டர் வரை, பஞ்சு இருக்கிறது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை. ஓஷியன் கட்டிலுக்கு நேர் மேலே வெறும் மரப்பட்டியும் பூச்சும்தான். ஓடுகளின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. கையை நீட்டியபோது காற்று விரலில் பட்டது. எடுத்த ஆறு படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். மூன்றாவது படத்தில் பஞ்சு முடியும் இடம் தெளிவாகத் தெரியும்.

9. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். சொன்னால் வீடு 'எஃப்' ஆகி, நாங்கள் தெருவுக்கு வர வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அந்தச் சட்டம் வீட்டு உரிமையாளரைத்தான் கட்டுப்படுத்தும், குடியிருப்பவரை வெளியேற்றாது என்று பள்ளி நூலகத்தில் படித்தேன். காரணம் சொல்லாமலே காலி செய்யச் சொல்லி உரிமையாளர் அறிவிப்பு கொடுக்கலாம் என்று அதே பக்கத்தில் கீழே இருந்தது. ஆகவே பயம் போகவில்லை. வீட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன ஒரு சொல் இலவசப் பஞ்சுத் திட்டத்தின் கதவையும் அடைத்துவிட்டது, இப்போது அம்மாவைக் குற்றவாளியாக நிறுத்துகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் சொன்னதே வந்து முட்டுகிறது. வீடு போனால் வேறு வீடு தேடலாம். ஓஷியன் போனால் எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தங்களைப் பணிந்து வேண்டுவது:

அ) பிப்ரவரி 20ஆம் தேதிக்கு முன் வீட்டை மறு ஆய்வு செய்ய வேண்டும். வருகிறவர் பரண் மூடியோடு நின்றுவிடாமல் உள்ளே ஏற வேண்டும். முட்டி வலி இல்லாதவராக அனுப்பினால் நல்லது. கதவுக்குப் பக்கத்துச் சுவரை விட்டுவிட்டு மற்றச் சுவர்களைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஆ) ஆய்வில் தெரிவதைக் குழந்தைகள் நலப் பிரிவுக்கும் மருத்துவமனைக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதை மட்டுமாவது செய்தால் போதும்.

இ) எங்களைக் காலி செய்யச் சொல்ல முடியுமா, முடியாதா என்பதைத் தெரிவிக்க வேண்டும். முடியும் என்றாலும் மனுவைத் திரும்பப் பெற மாட்டேன். முன்கூட்டியே தெரிந்தால் அம்மாவுக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.

திரு. டக்கர் அவர்களின் வேலைக்கு இதனால் கேடு வரக் கூடாது. அவர் கேட்டார். பொய் சொன்னது நான். பொய் சொன்னதற்குத் தண்டனை உண்டென்றால் அது என் வயதுக்கு எவ்வளவோ அதை ஏற்கிறேன். அம்மாவின் பெயரில் பதிய வேண்டாம்.

முதலில் பெயரில்லாமல் எழுதத்தான் நினைத்தேன். பெயரில்லா மனுவின் பேரில் சான்றிதழை மறு ஆய்வு செய்ய இயலாது என்று தங்கள் இணையப் பக்கத்தில் இருக்கிறது. அன்று ஏணியைப் பிடித்திருந்தவள் நான் ஒருத்திதான். எனவே முழுப் பெயரையும் எழுதி, கீழே கையெழுத்தும் இடுகிறேன்.

முடிந்தால் ஆய்வுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் வரவும். அம்மாவும் வேலை முடிந்து வந்திருப்பார், நானும் பள்ளியிலிருந்து வந்திருப்பேன். பரண் முழுதும் பஞ்சு இருக்கிறதா என்று அதே கேள்வியை என்னிடம் இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். இம்முறை அம்மா பக்கத்தில் நிற்கும்போதே பதில் சொல்கிறேன்.

இடம்: கும்ரெதின்
நாள்: 11.02.2025

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்நோக்கும்
மெலெரி ஹவெல்
(கையொப்பம்)

இணைப்பு: பரணில் எடுத்த படங்கள் 6, சான்றிதழின் நகல் 1, திட்டத்தின் மறுப்புக் கடித நகல் 1.