நாற்பத்தொரு பேரின் மூச்சு

இந்தப் பதிவைக் கண்டெடுப்பவருக்கு: நான் குழல்வாய்மொழி. நிலாவின் தென்துருவப் பனிச்சுரங்கத்தில் இருக்கும் ஒரே மருத்துவர்.

நாள் 1096 · 07:10
ஆண்டு மூச்சுப் பரிசோதனை முடிந்தது. கரைசலைக் குடித்து, அரை மணி கழித்துப் பையில் ஊத வேண்டும். இரைப்பையில் புண்ணையும் பின்னாளில் புற்றையும் கொண்டுவரும் கிருமி இருந்தால் மூச்சில் தெரியும். நாற்பத்தொரு பேரில் ஒருவருக்கும் இல்லை. மூன்றாவது ஆண்டாக இதே முடிவு. பூமியில் ஊர் ஊராக ஊதவைத்து, கிருமி உள்ளவர்களுக்குப் பதினான்கு நாள் மருந்து கொடுக்கிறார்கள். எங்களுக்குத் தேவையில்லை என்று இருந்த மருந்தையும் நிலாநகர்த் தலைமையகம் எடுத்துக்கொண்டது.

நாள் 1131 · 14:25
வெல்டர் யேசுரத்தினம் ரத்த வாந்தி எடுத்தார். இரைப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தேன். புற்று. பரவிவிட்டது. எடுத்த சதையில் அதே கிருமி.

நாள் 1132 · 09:40
வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்டிருக்கிறேன். இல்லை என்பார். இன்று அவர் படுக்கையருகே உட்கார்ந்து வேறு மாதிரி கேட்டேன்: நெஞ்செரிச்சலுக்கு?

யேசுரத்தினம்: "கேஸ் மாத்திரையா? அது மருந்தா டாக்டரம்மா? கேன்டீன்ல கை கழுவுத எடத்துல டப்பாவுல கெடக்கு. எல்லாவனும் மிட்டாய் மாதிரில்லா திங்கான்."

அந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். கிருமி அடங்கிக் கிடக்கும், மூச்சில் தெரியாது. இரண்டு வாரம் நிறுத்திய பிறகுதான் ஊத வேண்டும். படித்ததுதான். அந்த டப்பாவிலிருந்து நானும் எடுத்து வாயில் போட்டிருக்கிறேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நாள் 1147 · 18:05
டப்பாவைப் பூட்டினேன். இரண்டு வாரம் வயிறு எரிந்து எல்லாரும் என்னைத் திட்டினார்கள். இன்று ஊதினார்கள். என்னையும் சேர்த்து இருபத்தாறு பேருக்குக் கிருமி. இப்போதே மருந்து கொடுத்தால் பெரும்பாலோருக்குப் புற்று வராமல் தடுக்கலாம். தலைமையகத்திடம் ஒன்பது கிலோ மருந்து கேட்டேன்.

நிலாநகர் நிர்வாகி சக்கரபாணி: "கிருமியே இல்லாத குடியிருப்புன்னு விருது அறிவிச்சாச்சு டாக்டர். இப்போ போய் இப்படிச் சொன்னா எப்படி? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

எதை அட்ஜஸ்ட் பண்ணுவது? குடலையா?

நாள் 1150 · 11:30
யேசுரத்தினம் போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயது. கடைசியாகப் பேசியது: "லிஸ்ட்ல எனக்குக் கிருமி இல்லன்னுதான இருக்கு? அத மாத்திருங்கம்மா."
மாற்றினேன். தலைமையகக் கணினி ஏற்கவில்லை.

நாள் 1152 · 16:50
சரக்குக் கலம் வந்தது. மருத்துவப் பெட்டி, சரியாக ஒன்பது கிலோ. உள்ளே முழுக்க கேஸ் மாத்திரை. மேலே ஒரு சீட்டு: "மறுபரிசோதனைக்கு முன் அனைவருக்கும் தினம் இரண்டு வழங்கவும்."
தெரிந்தே செய்கிறார்கள். பாவிகள்.

17:45
சீட்டைக் கேன்டீனில் ஒட்டினேன். அதைப் படித்ததும் எல்லாரும், மருந்து வந்தால்தான் ஓட்டுவோம் என்று பனி வெட்டும் மெஷின்களை நிறுத்திவிட்டார்கள். நிலாநகர் குடிப்பது எங்கள் பனியைத்தான். நாங்கள் மூச்சுவிடுவது அங்கிருந்து குழாயில் வரும் காற்றை.

சக்கரபாணி: "தண்ணி வரல டாக்டர். உடனே ஓட்டச் சொல்லுங்க. இல்லன்னா இங்கேர்ந்து காத்தை நிறுத்த வேண்டியிருக்கும்."

18:02
நிறுத்திவிட்டார்கள். காற்றுக் கையிருப்பு பதினோரு மணி நேரம். நிலாநகரிலிருந்து மருந்து வர ஆறு மணி நேரம் போதும். மெஷினைப் போடலாமா என்று எல்லாரையும் கேட்டேன்.
ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நானும் போய் அவர்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்