மாரியம்மாவுக்கு வந்த முறைப்பாடுகள்

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. தேயிலைக்குச் சான்றிதழ் தரும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து இன்று ஒரு வெள்ளைக்காரர் தோட்டத்துக்கு வந்தார். தொழிலாளருக்கு முறைப்பாட்டுப் பெட்டி உண்டா என்று கேட்டார். உண்டு. எல்லோரும் வந்துபோகிற இடம் என்று போன வருடம் நான்தான் அதைக் கோயில் சுவரில் மாட்டினேன். பிறகு திறந்தே பார்க்கவில்லை.

இன்று திறந்தால், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து நிறையக் கடதாசி, எல்லாவற்றிலும் குங்குமம்.

"மாரியம்மா, லயத்துக் கூர ஒழுகுது. நீதான் பாத்துக்கணும்."

"மாரியம்மா, பைப்புல தண்ணி வரல."

பக்கத்தில் நின்ற, கொழுந்து பறிக்கும் செல்வி, "கோயில்ல மாட்டுனா சாமிக்குன்னுதானேங்க நெனப்போம்?" என்றாள்.

ஒவ்வொரு கடதாசியையும் நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல வெள்ளைக்காரர் முகம் மலர்ந்தது. இத்தனை பேர் நம்பும் அந்த மாரியம்மா யார், என்ன பதவி என்று கேட்டார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என்னை முறைத்தார். மிகவும் மூத்த அதிகாரி, இன்று விடுமுறை என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமையில் ஆத்தாவுக்கு லீவு கொடுத்த பாவி நான்.

குறைகேட்பு மிக நன்று என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒரு கடதாசியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். இப்போது மேசைமேல் கிடக்கிறது.

"ஆத்தா, நம்ம வெல்பெயார் அம்மாவுக்கு லயத்துக்கு வர்ற வழியக் காட்டு."

தொழிலாளர் நலம் பார்க்கும் வெல்பெயார் அம்மா நான்தான்.