விளக்கு எரியும் கீபோர்டும் கறுப்பு டேப்பும்

மயூர் விஹார், தில்லி
23-1-2007

அன்பு மகள் மேகலா அம்மிணிக்கு,

மலைமந்திர் முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம், அந்தக் கனடாப் பனியில் நீயும் மாப்பிள்ளை இளஞ்செழியனும் சௌக்கியம் என்று தெரிந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். இத்தனை வருஷம் கழித்து அப்பாவின் கையெழுத்தில் ஒரு கவர் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே பத்து நாளாகப் பனிமூட்டம், பால் பூத்துக்குப் போனால் முன்னால் நிற்கிற ஆள் யாரென்று தெரியவில்லை, நானும் மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு போய் வருகிறேன், கீசர் ரிப்பேராகி நேற்றுத்தான் சரியானது. ஒன்று சொல்லிவிடுகிறேன், புசா ரோடு பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழ் உனக்கு மறந்திருக்காது, எழுத்துக் கூட்டியாவது இதை நீயே படி, மாப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அவர் முன்னால் என் மானம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டும்.

பொங்கலுக்கு நீ போன் செய்தபோது ஒரு கேள்வி கேட்டாய். அந்த வெளிச்சம் போட்ட கீபோர்டு அம்மாவுக்கு உபயோகமாக இருக்கிறதா, இல்லை சும்மா வேடிக்கைச் சாமானாகப் போய்விட்டதா, அம்மாவிடமிருந்து மூன்று மாதமாக ஒரு மெயில்கூட இல்லையே, என்மேல் கோபமா என்று கேட்டாய். நான் ஹலோ ஹலோ என்று நாலு தடவை கத்திவிட்டு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது அம்மிணி. நீ மூக்கை உறிஞ்சியதுகூட எனக்குக் கேட்டது. நானாகத்தான் வைத்தேன். அந்தக் கீபோர்டை அம்மாவுக்கு என்றா அனுப்பினாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் போய்க் கேட்டேன். நான் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவளே உனக்குப் போன் செய்து, கீயில் இருக்கிற எழுத்து மங்கலாகத் தெரிகிறது, அப்பாவிடம் சொல்லாதே என்று சொன்னாளாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னா நீங்க சிரிப்பீங்க என்றாள். அவள் சொன்னது சரிதான், நான் சிரித்தும் ஆகிவிட்டது.

தீபாவளிக்கு மாப்பிள்ளையின் சிநேகிதர் அந்தப் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தாரே, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதை மாட்டி சுவிட்சைப் போட்டதும் எழுத்தெல்லாம் நீலமாக எரிந்தது. பண்டிகைக்கு வந்திருந்த நாலு பேர் கூடிவிட்டார்கள். கீழ்வீட்டு செல்வராஜை உனக்குத் தெரியும், ஆடிட் ஆபீசில் ரிட்டையர் ஆனவர், எதற்கும் ஒரு ஆட்சேபணை வைத்திருப்பார். அவர்கூட, இருட்டில் அடிக்க சௌகரியம் சார், நல்ல சாமான் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இருட்டில் எதற்கு அடிக்க வேண்டும், டியூப்லைட் எதற்கு இருக்கிறது, தவிர டைப் அடிக்கிறவன் கீயைப் பார்ப்பானா, பார்க்கிறவன் டைப்பிஸ்டா, இது பிள்ளையாருக்குப் போடுகிற சீரியல் லைட்டு என்றேன். நேரு பிளேஸ் கடைக்காரனிடம் முன்பொரு தரம் இதே மாதிரி ஒன்றைப் பார்த்துக் கேட்டபோது அவனே, யே சப் ஷௌக் கி சீஸ் ஹை அங்கிள், எல்லாம் ஆசைக்கு வாங்குகிறது என்று சொன்னான், அதையும் எடுத்துவிட்டேன். அதோடு நின்றேனா, கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு ஒரு முழுப் பக்கம் அடித்துக் காட்டினேன், ஒரு தப்பு இல்லை. மினிஸ்ட்ரியில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவன் இல்லையா, எல்லாரும் கை தட்டினார்கள். அப்போது அம்மா எனக்குப் பின்னாலிருந்து, "அந்த வெளிச்சத்துல எழுத்து நல்லாத் தெரியுதுங்க" என்றாள். நான் கண்கட்டை அவிழ்க்காமலேயே, "தெரிஞ்சு நீ எந்த ஆபீசுக்கு வேலைக்குப் போகப் போற அருக்காணி?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணைக் கட்டியிருந்ததால் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கைக்குட்டையை அவிழ்த்தபோது அவள் கொண்டுவந்த முறுக்குத் தட்டு ஸ்டூலில் இருந்தது, அவள் உள்ளே போயிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, எனக்கும் டைப் சொல்லிக் கொடுங்க, மேகலாவுக்கு நானே எழுதுறேன் என்று வந்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், இங்கிலீஷ் எழுத்து தெரியும், தமிழையே அதில் அடித்துவிடுவேன் என்றாள். எனக்கு ஒரே பெருமை. சொல்லிக் கொடுப்பதென்றால் முறைப்படி சொல்லிக் கொடுக்க வேண்டாமா? கரூரில் நான் படித்த டைப் இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டர் கீகளின் மேல் ஒரு தகர மூடியை மாட்டிவிடுவார், கை உள்ளே போகும், கண் போகாது. குனிந்து எட்டிப் பார்த்தால் அடி ஸ்கேலால் விரல் கணுவில் ஒரு தட்டு. அப்படிப் படித்துத்தான் நான் தில்லிக்கு வந்தேன், குவார்ட்டர்ஸ் கிடைத்தது, உன்னைப் படிக்க வைத்தேன். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா, வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, நீ அனுப்பிய கீபோர்டில் ஒவ்வொரு கீயின் மேலும் ஒட்டினேன். ஒரு எழுத்து பாக்கியில்லை. எழுத்துத் தெரியவில்லை என்று அவள் கேட்டு நீ அனுப்பிய வெளிச்சத்தை நானே உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க மூடினேன். ஒட்டுவதற்கு அவளையே டேப்பைப் பிடித்துக்கொள்ளவும் சொன்னேன், பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஏ எஸ் டி எஃப் என்று பாடம். பதினோரு நாள் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாள் எனக்கெதுக்குங்க இதெல்லாம் என்று எழுந்து போனாள். அதற்கப்புறம் உனக்கு மெயில் அடிக்கச் சொல்லியும் என்னிடம் வரவில்லை. உன் அம்மாவுக்குப் பொறுமை இல்லை என்று பார்க்கில் செல்வராஜிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னும் இருக்கிறது, இதுதான் எழுதக் கை கூசுகிறது. உனக்கு இத்தனை வருஷமாக அம்மா பெயரில் வந்த மெயிலெல்லாம் அவள் சொல்ல நான் அடித்தது என்று உனக்குத் தெரியும். எப்படி அடித்தேன் என்று தெரியாது. அவள் கீரை ஆய்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே போவாள், நான் பழக்க தோஷத்தில் நோட்டில் ஷார்ட்ஹேண்டில் எடுத்துக்கொள்வேன், பிறகு ஆபீசர் டிக்டேஷனைத் திருத்துகிற மாதிரி வேண்டாததைக் கழித்துவிட்டு நாலு வரியாக்கி அனுப்புவேன். எது வேண்டும் எது வேண்டாம் என்று தீர்மானித்தது நான். நீ போன் செய்த மறுநாள் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். கை தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. போன ஆகஸ்டில் உனக்குக் கரு கலைந்தபோது உனக்கு வந்த மெயில் ஞாபகம் இருக்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள், நடந்தது நடந்துவிட்டது, இனி ஆக வேண்டியதைப் பார், அம்மா, என்று மூன்று வரி. நோட்டில் அன்றைய தேதியில் ஆறு பக்கம் இருக்கிறது. நடந்தது நடந்துவிட்டது என்பது அந்த ஆறு பக்கத்தில் எங்கேயும் இல்லை, அது என் கைச்சரக்கு. அதற்கப்புறம் நீ அம்மாவிடம் போனில் ஆமாம், இல்லை என்று பேச ஆரம்பித்தாய். அவளும் நான் என்ன சொல்லிட்டேன்னு புள்ளை இப்படி இருக்குது என்று என்னிடமே கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

அந்த ஆறு பக்கத்தில் இருப்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நீ பிறப்பதற்கு முன்னால் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு நடந்த ஒன்று, உனக்கு நாங்கள் சொன்னதே இல்லை. பழைய கதை எதற்கு, குழந்தை மனது இன்னும் வாடும் என்றுதான் வெட்டினேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது படித்தால் தெரிகிறது, அதில் நான் வருகிறேன். அன்றைக்கு அம்மாவை ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டு லீலாவதியோடு விட்டுவிட்டு நான் ஆபீசுக்குப் போனேன், பார்லிமென்ட் கேள்விக்குப் பதில் அடிக்க வேண்டியிருந்தது. அது உனக்குத் தெரியக்கூடாது என்று வெட்டியிருக்கிறேன். சரி, இப்போதாவது முழுவதும் அடித்து அனுப்பிவிடுகிறேன் என்று நோட்டோடு அம்மாவிடம் போய் நின்றேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேண்டாங்க. அது என் புள்ளைக்கு நான் சொல்றது. அந்த டேப்பை மட்டும் எடுத்துக் குடுங்க" என்றாள்.

எடுத்தேன். மூன்று மாதத்துப் பசை, லேசில் போகவில்லை, தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன், ஜே எழுத்தில் பிளேடு பட்டுக் கீறிவிட்டது, மற்றதெல்லாம் முன்போல எரிகிறது. வியாழக்கிழமை அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை, குளிர் போகட்டும், மார்ச்சில் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நாளாக மங்கல் என்று கேட்டார், ஒன்றரை வருஷம் என்றாள். கூடவே இருக்கிற எனக்குத் தெரியாதா என்று டாக்டர் என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. கம்ப்யூட்டர் நாம் அடைத்த பால்கனியில்தானே இருக்கிறது, பகலிலேயே அங்கே மப்பாக இருக்கும், அந்த மப்பில் அந்த நீல எழுத்து அவளுக்குப் பளிச்சென்று தெரிகிறதாம். சாப்பிட்டு முடித்ததும் போய் உட்கார்கிறாள். ஒற்றை விரல். அவளுக்கென்று தனியாக ஒரு மெயில் ஐடி வைத்துக் கொடுத்தேன், பாஸ்வேர்டு போடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். கீ சத்தத்தைக் கேட்டே என்ன அடிக்கிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடுவேன் என்று உன்னிடம் பீற்றியிருக்கிறேன் அல்லவா, அவள் அடிப்பது எனக்குப் பிடிபடவில்லை, நான் எழுந்து பார்க்குக்குப் போய்விடுகிறேன். அங்கே செல்வராஜிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் இந்தத் தடவை ஆட்சேபணை ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போகலாம் சார், குளிருது என்றார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இது. அந்த விளக்கு எனக்கு வேடிக்கைதான், எனக்கு எழுத்து விரலில் இருக்கிறது. எழுத்தைப் பார்த்து அடிக்க வேண்டியவளுக்கு அது வேண்டும். இது இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று எனக்கு அறுபத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. இந்தக் கவர் உன்னிடம் வந்து சேர்வதற்குள் அம்மாவின் மெயில் வந்திருக்கும், வந்திருந்தால் என்னைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறதோ அது சரிதான், நான் மறுத்து எழுத மாட்டேன். உடம்பைப் பற்றி நான் உபதேசம் செய்யப் போவதில்லை. வாசலில் பனி வாரும் வேலையை மட்டும் மாப்பிள்ளையிடம் விட்டுவிடு. உப்பு போட்டுக் காயவைத்த நெல்லிக்காய் ஒரு பாட்டில் அம்மா எடுத்து வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து, ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டு நூறாண்டு இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறக்காமல் அம்மாவின் புது ஐடிக்குப் பதில் போடு. மூன்று வரியில் முடிக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
குழந்தைசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் இதை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், எல்லாம் சரிங்க, ஸ்கேலை விட்டுட்டீங்களே என்றாள். விட்டுவிட்டேன்தான். கரூர் மாஸ்டரின் ஸ்கேலைப் பற்றி எழுதினேனே, நானும் ஒன்று எடுத்தேன் அம்மிணி, உன் பள்ளிக்கூட மர ஸ்கேல், பின்பக்கம் மையில் உன் பெயர் எழுதியிருக்கும். பதினோராம் நாள், டேப்பை ஓரமாக நகர்த்தி எட்டிப் பார்த்தாள் என்று அவள் விரலில் தட்டினேன். மெதுவாகத்தான் என்று எழுத வந்தேன், மெதுவாவா என்று அம்மா கேட்டாள். மெதுவாக இல்லை.