வெசியோட மீனுக்கு உசிப்பா கருவாடு வேணாம்

வெசி அப்பா,

அக்காவைப் பாக்க ம்சூசு போறேன். பொழுது சாய வந்துடுவேன்.

நேத்து செத்த மீனுக்காக உங்கள ரொம்பப் பேசிட்டேன். "புள்ளையத்தான் ஏரி கொண்டுபோச்சு, அவன் முங்கிப் புடிச்சிட்டு வந்ததையாவது விட்டு வைக்கக் கூடாதா"ன்னு கேட்டது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க.

ஆனா இனிமே உசிப்பா போடாதீங்க. இதுங்க பாறையில பாசி மேயுற மீனு, கருவாடு தின்னா வயிறு வீங்கிடும். வெசியே சொல்வானே, "அப்பா, இது நம்ம ஆடு மாதிரி, மேய மட்டுந்தான் தெரியும்"னு. கிண்ணத்துல வேகவெச்ச கீரை இருக்கு. ஒரு சிட்டிகை போதும். தொட்டிக் கண்ணாடிகிட்ட வந்து வாயத் தெறந்தா ஏமாந்துடாதீங்க.

வெசி கூட முங்கப் போவானே லுசுங்கு, அவன் மத்தியானம் மீனு மேய பாசி புடிச்ச கல்லு கொண்டாருவான். வாசல்லயே நிக்க வெக்காம உள்ள கூப்பிடுங்க.

வெசி அம்மா

இன்னொண்ணு. அவன் போன பின்னாடியும் மூணு பேருக்கு ஆக்கிட்டு இருந்தது நான்தான். அவன் பங்கு உசிப்பாவத் தூக்கிக் கொட்ட உங்களுக்கு மனசு வரல, மீனுக்குப் போட்டீங்க. இப்பத்தான் புரியுது. இன்னிக்கு ரெண்டு பேருக்குத்தான் ஆக்கியிருக்கேன்.