ஆடி ஆஃபரில் வந்த நெட்டு

ஜூலை 21, திங்கள்

காலையில் நல்ல செய்தி, ராத்திரி சாப்பாட்டில் கெட்ட செய்தி.

நல்லது: சென்னைக் கம்பெனி ஒன்று என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை. வாடிக்கையாளர்கள் கேட்பதற்கு உட்கார்ந்த இடத்திலேயே பதில் தட்ட வேண்டும். ஒரே நிபந்தனை, வீட்டில் பிராட்பேண்ட் இருக்க வேண்டும்.

கெட்டது: நைனா கை கழுவிக்கொண்டே சொன்னார். "ஆடி முடியட்டும். ஆவணி பொறந்தா வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்காரங்க உன்னைப் பாக்க வர்றாங்க."

"வேலை கெடச்சா?"

"கெடச்சா அப்பால பாக்கலாம்."

கெடச்சாவாம்! இந்த வீட்டில் செல்போனுக்கே சிக்னல் கிடையாது. மோட்டார் கொட்டகை மேல் ஏறினால் இரண்டு கட்டம் வரும். பி.காம் படித்த இந்த ஏலவார்குழலி தினமும் கொட்டகை மேல் ஏறி உட்கார்ந்து வேலை பார்ப்பாள், கீழே ஆடு மேயும்.

ஜூலை 24, வியாழன்

அமாவாசைக்குக் காய் வாங்க உத்திரமேரூர் போன நைனா பூசணிக்காயோடு ஒரு நோட்டீசும் கொண்டுவந்தார். "ஆடி அதிரடி! வீட்டுக்கு பிராட்பேண்ட், மூன்று மாதம் இலவசம்! பெட்டி இலவசம்! வயர் இலவசம்!" ஒவ்வொரு இலவசத்துக்குப் பக்கத்திலும் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு விளக்கம் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. படிக்கலாமென்றால் சரியாக அந்த இடத்தில்தான் கடைக்காரர் காய்கறிக் கணக்குப் போட்டிருக்கிறார்.

"இலவசம்னா சும்மா தருவானுங்களா நைனா?" என்று கேட்டேன்.

"சும்மா தர்றதுக்குப் பேர்தானே இலவசம்? இது கூட தெரியல, இன்னா பி.காம் படிச்ச?"

ஆனால் என்னைக் கேட்காமலேயே பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்காகத்தான். வாய்தான் அப்படி.

ஜூலை 30, புதன்

நட்சத்திரத்துக்கு அர்த்தம் இன்று தெரிந்தது. லைன்மேன் வேதகிரி வந்தார். தெருக் கம்பத்திலிருந்து முருங்கை மரம் வரை வயரை இழுத்துக் கட்டிவிட்டு, "இலவச வயரு இதோட முடிஞ்சிதுங்க" என்று சொல்லி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். முருங்கை மரத்துக்கு நெட் வந்துவிட்டது. வீட்டுக்கு வரவில்லை.

அம்மா கோழியைப் பிடிக்கப் போனாள். குழம்பு கொதித்த வாசனைக்கு வேதகிரியின் வண்டிப் பெட்டியிலிருந்து இன்னொரு சுருள் வயர் வெளியே வந்தது. மரத்திலிருந்து வீட்டுக் கூரை வரை முற்றத்தின் குறுக்கே கட்டினார். சாப்பிட்ட களைப்பில் கொஞ்சம் தாழ்வாகவே கட்டிவிட்டார்.

முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழி அது. பாவம்.

ஜூலை 31, வியாழன்

நேற்று நன்றாக வந்த நெட் இன்று சுத்தமாக இல்லை. ரூட்டர் பெட்டியையே காணோம்! வீடெல்லாம் தேடிவிட்டு நைனாவிடம் போனேன். அவர் நிதானமாக மடியிலிருந்து பீரோ சாவியை எடுத்தார்.

ரூட்டர் பீரோவுக்குள் இருக்கிறது. அம்மாவின் கல்யாணப் பட்டுக்கு மேலே. வயர் எல்லாம் பின்பக்கத் துரு ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கிறது.

"ஒடஞ்சா தண்டம் கட்டணும்னு அந்த ஆளு சொன்னாரில்ல? பத்திரமா கீது."

"இரும்புக்குள்ள வச்சா எப்படி நைனா நெட்டு வெளியில வரும்?"

"கிணத்துக்குள்ள கீற தண்ணி வெளியில வர்ல?"

ஐயோ. அரை மணி நேரம் கெஞ்சி ஃப்ரிட்ஜ் மேலே வைத்தேன். அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள். வைத்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. விட்டுப்போன சீரியல் எல்லாம் பார்க்க எதிர்வீட்டு மஞ்சுளா அக்கா குடும்பத்தோடு வந்துவிட்டாள். மூன்று தடவை டீ. எது இலவசம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாளை பதினொரு மணிக்கு இன்டர்வியூ. வேகம் சோதித்தேன், அருமை. மஞ்சுளா அக்காவை வராதே என்று சொல்லியாகிவிட்டது. பீரோவும் பூட்டியிருக்கிறது, ரூட்டர் வெளியே இருக்கிறது. இன்னும் என்ன தப்பு நடக்க முடியும்?

பயமாக இருக்கிறது. இது போனால் அடுத்து ரைஸ் மில்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போச்சு.

எழுதக் கூட கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

ஆடி வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். வேப்பிலைத் தோரணம் கட்டக் கயிறு போதவில்லையென்று விடியற்காலையில் நைனா எங்கள் வீட்டுத் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். சாமி காரியம், சரி. அம்மா வெள்ளிக்கிழமையென்று வீட்டிலிருந்த துணி அத்தனையும் துவைத்திருக்கிறாள். முற்றத்துக்கு வந்து பார்த்தாள், கொடி இல்லை. ஆனால் கைக்கு எட்டும் உயரத்தில், வசதியாக, கறுப்பாக ஒன்று தொங்குகிறது.

உள்ளே நான். இன்டர்வியூ எடுக்கும் மேடம் என் பெயரைச் சொல்ல மூன்று தரம் முயன்று, மூன்றிலும் வேறு வேறு பெண்ணைக் கூப்பிட்டார். "என்னைப் பத்திச் சொல்றேன் மேடம்" என்று ஆரம்பித்தேன். புடவைகளைத் தாங்கிய வயர், ஜமுக்காளத்தைத் தாங்கவில்லை.

மேடம் வாயைத் திறந்தபடி திரையில் அப்படியே நின்றுவிட்டார். நான் வெளியே ஓடினேன். அம்மா கீழே விழுந்த ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, இவ்ளோ நோஞ்சான் கயிறா கட்டிட்டு போயிருக்கான் அந்த லைன்மேன்! கோழி அடிச்சிப் போட்டமே!"

அது கயிறு இல்லம்மா. என் வேலைம்மா அது. கத்திவிட்டேன். அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு நானும் அழுதேன். கோயில் மைக்கில் கூழ் வாங்க எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

கொட்டகை மேல் ஏறி மெயில் பார்த்தேன். "நிலையான இணைப்பு இல்லாததால் வருந்துகிறோம்." வருந்தட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

புகார் எண்ணுக்குப் போன் பண்ணினால் பாட்டுத்தான் வருகிறது. சரி, ஆளையே பார்க்கிறேன் என்று அறுந்த வயர்த் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்ன என்று கேட்கவில்லை. என் முகம் அப்படி.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஆபீஸ். முதலாளி முனிரத்தினம், முன்பு கேபிள் டிவி நடத்தியவராம். நான் கத்தினேன். அவரும் கத்தினார். எங்கள் இரண்டு பேரையும் விட மேஜை மேல் இருந்த போன் அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தது. நின்றால் உடனே மறுபடியும். எடுக்க ஆள் இல்லை.

நான் பேசுவது அவருக்குக் கேட்க வேண்டுமே! எரிச்சலில் நானே எடுத்தேன். யாரோ ஒரு அம்மா, நெட் வரவில்லை என்றார்.

"பெட்டி எங்கம்மா கீது? ... அரிசி டிரம்முக்குள்ளயா? எலிக்குப் பயந்தா? வெளில எடுங்க. மொதல்ல எடுங்க, அப்பால பேசுங்க."

வந்துவிட்டதாம். அந்த அம்மா என்னை வாழ்த்தினார். வைத்தவுடன் அடுத்தது. அதையும் எடுத்தேன். அப்புறம் இன்னொன்று. முனிரத்தினம் கத்துவதை நிறுத்திவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். டீ வந்தது.

"நாளையிலேர்ந்து வர்றியாம்மா?" என்று கேட்டார்.

வயர்த் துண்டை அங்கேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேலை கிடைத்தது என்றேன். நைனா வெற்றிலையை மென்றுகொண்டே, "இன்னா வேலை?" என்றார்.

"போன்ல கத்தறவங்களுக்குப் பதில் சொல்ற வேலை."

"உன்னாண்டயா கத்தப் போறானுங்க? பாவம்."

அம்மா மட்டும் விபூதி பூசிவிட்டாள். வேதகிரி வந்து புது வயரை உயரமாகக் கட்டினார். பதிலுக்கு இந்தத் தடவை ரசம்தான். இனி வீட்டுக்குள்ளேயே நெட் வழியாகப் போன் பேசலாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வியாழக்கிழமை ரைஸ் மில்லுக்காரர்கள் வருகிறார்களாம். நைனா லீவு போடச் சொன்னார். ஒரு மாசம் கூட ஆகாமல் எப்படிக் கேட்பது?

"வேலை கெடச்சா அப்பால பாக்கலாம்னு சொன்னீங்களே நைனா?"

"இதெல்லாம் ஒரு வேலையா? நம்ம வூட்டு நெட்டு அறுந்ததுக்கு அங்க போயி குந்திக்கினே."

அந்த வார்த்தை குத்திவிட்டது. எழுந்து கொட்டகை மேல் போய் உட்கார்ந்துகொண்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

லீவு போடவில்லை. விடியும்போதே கிளம்பி வந்துவிட்டேன். வீட்டில் இந்நேரம் கேசரி கிளறிக்கொண்டிருப்பார்கள், நைனா என்னைத் திட்டிக்கொண்டிருப்பார் என்று ஒவ்வொரு போனிலும் நினைப்பு.

பதினொன்றரைக்கு ஒரு போன்.

"மேடம், தாண்டவராயன் பேசறேன். நெட்டு வர்ல."

நைனா! "நைனா, நாந்தான்," என்றேன் மெதுவாக.

"தெரியும் மேடம். வூட்டுக்கு வாலாஜாபாத்திலேர்ந்து ஆளுங்க வந்துகீறாங்க. எல்லாரும் கேக்கறா மாதிரி ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன். சொல்லுங்க."

பின்னால் யாரோ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ஒருத்தர் இருமினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சார், பெட்டியில பச்சை லைட்டு எரியுதுங்களா?"

"நல்லா எரியுது மேடம். எல்லாம் நல்லாத்தான் கீது."

வந்தவர்களுக்கு என் வேலையைக் காட்டத்தான் இந்தப் போன் என்று அப்போதுதான் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன் சார்," என்றேன். "வேற எதாவது உதவி வேணுங்களா?"

"ஒண்ணே ஒண்ணு மேடம். எங்க பொண்ணு ஆபீஸ்ல ரொம்ப பிஸி, கல்யாணத்துக்கு இப்ப நேரமில்லன்னு இவங்களாண்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லிடுங்க சார்."

போனை வைத்தேன். முனிரத்தினம் தலையைத் தூக்கி, யார், என்ன பிரச்சினை என்று கேட்டார்.

சரியாகிவிட்டது என்றேன்.