ஏலத்தோல் போட்ட குளியல் பொடி

1974 கார்த்திகை 12, புதன். சூரியநெல்லி.

இன்று தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீடு வந்ததும் பக்கத்து வீட்டுக் கனகம் வந்தாள். ஆவணியில் முருகையா கட்டிக்கொண்டு வந்த இரண்டாம் தாரம். குளியல் பொடி இடித்துத் தரச் சொன்னாள்.

"கஸ்தூரி மஞ்சளு, பயத்தம்பருப்பு, ஆவாரம்பூ. கூட ஏலத்தோலு ஒரு பிடி போடுங்கக்கா."

உலக்கையைப் பிடித்த கை நின்றுவிட்டது. ஏலக்காய்த் தோல் சேர்ப்பது எனக்கும் முருகையாவின் முதல் மனைவி பொன்னுத்தாய்க்கும் மட்டுமே தெரியும். நாங்களாகச் செய்து பார்த்தது. போன வருஷ மழைக்காலத்தில் அவளைப் புதைத்தாயிற்று.

"ஏலத்தோலு யாரு புள்ள சொன்னா?"

"பொன்னுத்தாயி அக்காதான். நான் முகங் கழுவும்போது பின்னாடி நின்னு சொல்லுதாக."

உப்பு விலை சொல்வதுபோலச் சொன்னாள். நான் ஏலத்தோலும் சேர்த்து இடித்துச் சலித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஒங்களையுங் கேட்டாகக்கா. கடைசி அன்னைக்குக் கூப்பிட்டுவிட்டும் ஏன் வரலைன்னு."

அன்று எனக்குக் காய்ச்சல் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். காய்ச்சல் இல்லை. அவளுக்குப் போட்டிருந்த அம்மை எனக்கும் ஒட்டிவிடும் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இதைப் பெற்ற பிள்ளைகளிடம்கூட நான் சொன்னதில்லை.

நாளைக் காலையில் நானும் முகம் கழுவ வேண்டும்.